மூன்று பத்துக்கு நின்ற மின்விசிறி

என் பெயர் எப்ராயீம். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவன். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற ஹெப்சிபா டீச்சர் வீட்டுக்குப் போய், எனக்கு ஆர்கன் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. டீச்சருக்கு முப்பத்துமூன்று.

"குருவுக்கு நம்ம மக வயசு" என்று என் மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கோயில் ஆர்கன் பெரியது. சுவர் உயரத்துக்குக் குழல்கள் நிற்கும். குழலுக்குள் காற்று போனால்தான் ஒலி. அந்தக் காற்றை ஒரு மின்மோட்டார் ஊதித் தருகிறது. பொத்தானைத் தட்டினால் உறுமும். அதன் பிறகு அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

ஆறு வருஷம் படித்தேன். விரல் தேயப் படித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட டீச்சர் என்னை ஆர்கன் முன்னால் இருக்கிற பெஞ்சில் உட்காரவிடவில்லை.

இந்த வருஷம் டீச்சரின் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அடுத்து யார் வாசிப்பது என்று பாதிரியார் டீச்சரிடமே கேட்டார். டீச்சர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர்தான். யாரையும் சொல்லாவிட்டால் ஆர்கனைப் பூட்டிவிட்டு ஒரு கீபோர்டை வாங்கி வைத்துவிடுவார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், என் பேரைச் சொல்வீங்களா, மாட்டீங்களா?"

"மாதர் சங்கக் கூட்டத்துக்கு வாசிச்சீங்களே, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"ஏன் இல்லாம? ஒரு சுரம் பிசகல."

"பிசகல. நாலாவது சரணத்துல பாதிப் பேரு பாட்டை விட்டுட்டாங்க. கவனிச்சீங்களா?"

"அவங்க மூச்சு வாங்கினதுக்கு நான் என்ன செய்ய? தாளம் தாளந்தானே?"

டீச்சர் ஒரு காகிதத்தில் நாலு ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"இங்கெல்லாம் பழைய குழல் ஆர்கன் இருக்காம். நான் ரெண்டுதான் பார்த்திருக்கேன். நீங்க நாலையும் பார்த்துட்டு வாங்க. என்ன கேட்டீங்கன்னு வந்து சொல்லுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பாதிரியார்கிட்டச் சொல்றேன்."

சர்வேயரிடம் போய்ப் பார் என்று சொன்னால் போதாதா? புது நோட்டு ஒன்று, அளவு நாடா, பென்சில், கைக்கடிகாரம். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மலையில் இருந்த கோயிலில் சாவி வைத்திருந்தவர் எங்கள் பாதிரியார் கொடுத்த அறிமுகக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "தொடாமப் பாருங்க" என்றார். துறைமுகத்து ஊரில் ஆயிரத்துச் சொச்சம் குழல்கள். எண்ணி முடிப்பதற்குள் கதவைச் சாத்த வந்துவிட்டார்கள். மூன்றாவது ஊரில் ஆர்கன் இருந்தது, அதற்குள் அணிலும் இருந்தது.

நாலாவதுதான் சமாதானவிளை. தேரி என்று சொல்கிற செம்மணல் மேடுகளுக்கு நடுவில் நாற்பது வீடும் ஒரு கோயிலும். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் மணலில் நடந்தேன்.

அங்கே கோயில்குட்டியார் சுவிசேஷமுத்து. கோயிலைக் கூட்டி, மணியடித்து, திறந்து பூட்டுகிறவர். எழுபதை நெருங்குகிற ஆள், ஒல்லி. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, கடிதமும் கேட்கவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் அவரே ஊற்றினார்.

"பெரிய பெட்டியப் பாக்க வந்தியளா? மொதல்ல சாப்டுங்க. பசியோட வாசிச்சா பெட்டிக்குத் தெரிஞ்சிரும்."

அவர் மனைவி பாக்கியத்தாய் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் அவர் கேட்டார், "ஐயா பேரு என்ன?" என்று.

கோயிலைத் திறந்துவிட்டார். சின்ன ஆர்கன்தான். முன்னூறு குழல்கூட இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் மோட்டார். அவர் போய்த் தட்டிவிட்டு வந்தார். தலைக்கு மேலே மின்விசிறியும் போட்டுவிட்டார்.

"எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?"

"உங்க மனசுக்கு நெறையிற வரைக்கும்."

இப்படி ஒரு வார்த்தையை எனக்கு யாருமே சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்தேன்; பாட்டுக்குப் பாட்டு நடுவில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். குழல் வரிசைகளைத் திறக்கிற எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டு, முழு ஒலியில், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வாசித்தேன்.

முடித்து, குறிப்பெழுதிவிட்டு வெளியே வந்தபோது அவர் கருப்பட்டிக் காபியோடு நின்றார். சட்டை நனைந்திருந்தது. தம்ளரை நீட்டியபோது கை நடுங்கிக் காபி தளும்பியது. வயசு ஆச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த ஒரு மைலும் என் பையைச் சுமந்துகொண்டு வந்தார். "நல்ல வாசிப்பு ஐயா. இந்தப் பெட்டி இப்படிப் பேசி ரொம்ப நாளாச்சு" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டை டீச்சர் கையில் கொடுத்தேன். அறுபத்துநாலு பக்கம். குழல்களின் உயரம், பெட்டியின் நீள அகலம், கட்டைகளின் எண்ணிக்கை, கோயிலின் வரைபடம்கூட அளவுகோலோடு. டீச்சர் காபியைக் குடித்துக்கொண்டே புரட்டினார். முதல் மூன்று ஊரையும் பேசாமல் தாண்டினார். சமாதானவிளைப் பக்கத்தில் கை நின்றது.

"இங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க. 'மணி மூன்று பத்து. மின்விசிறி நின்றது. விருந்தாளி வாசிக்கும்போது அணைத்தது சரியல்ல.'"

"ஆமா டீச்சர். நல்ல மனுசந்தான், ஆனா அந்த ஒரு விஷயத்துல கொஞ்சம் கருமி."

"அடுத்த வரி. 'மூன்று பத்துக்கு மேல் காற்று சீராக இல்லை. ஒலி தாழ்ந்து தாழ்ந்து ஏறுகிறது. ஆர்கனில் குறை.'"

"துருத்தித் தோலுல எங்கயோ ஓட்டை இருக்கணும்."

"'பின்னால் ஏதோ மரம் கிறீச்சிடுகிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் இல்லை.'"

"இருந்துக்கிட்டே இருந்துச்சு அந்தச் சத்தம். எரிச்சலாப் போச்சு."

"'மூன்று ஐம்பத்தைந்து. வாசித்து முடித்தேன். கீழே இறங்கி வரும்போது மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது.'"

"ஆமா."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆறு வருஷத்தில் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, நாலு சர்வேக் கல்லையும் சரியா நட்டிருக்கீங்க. ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துக் கோடு இழுக்கலையே."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"மின்விசிறியை யாரும் அணைக்கல. கரண்ட் போயிருக்கு. முக்கால் மணி நேரம்."

"சரி, போகட்டும்..."

"கரண்ட் போனா மோட்டாரும்தானே நின்னிருக்கும்?"

எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று பத்து, என் கையெழுத்தேதான்.

"முக்கால் மணி நேரம் உங்களுக்கு யாரு அண்ணாச்சி காத்து குடுத்தது?"

ஆண்டவரே! நனைந்த சட்டை. தளும்பிய காபி. பழைய ஆர்கன்களின் பின்புறம் கையால் துருத்தி அடிக்கிற கட்டை ஒன்று இருக்கும். அது எனக்குத் தெரியும். அதன் நீளத்தைக்கூட நாலரை அடி என்று நோட்டில் குறித்திருந்தேன். மோட்டார் நின்ற சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீர்வதற்குள் பின்னால் ஓடியிருக்கிறார். என் பாட்டு அறுந்துவிடக் கூடாதென்று முக்கால் மணி நேரம் அந்தக் கட்டையை அடித்திருக்கிறார். நான் எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டல்லவா வாசித்துக்கொண்டிருந்தேன்! அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுவிசேஷமுத்து மறைத்துவிட்டார். நான் அந்தச் சோற்றையும் தின்றுவிட்டு, குறை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் பாதி. மீதியை என்னவென்று சொல்ல? வானத்தை முதல்முதலாகப் பார்த்தவனைப் போல இருந்தது.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க டீச்சர்?"

"அந்த ஊருக்கு நான் போனதில்ல. கூட்டிட்டுப் போங்க."

இரண்டு பஸ் மாறிப் போனோம். தேரி மணலில் நடக்கும்போது டீச்சர், "அவரு ஒரு வார்த்தைகூடவா சொல்லல?" என்று கேட்டார். "சொல்லல டீச்சர்" என்றேன்.

சுவிசேஷமுத்து வாசலில் விளக்குமாறோடு நின்றார். வலது கையால் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. உடனே செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் கோரப் போனார். நான் மறித்தேன்.

"அன்னைக்குக் கரண்ட் போச்சுன்னு ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவர் சிரிப்பு நின்றது. திருடிவிட்டு அகப்பட்டவர் போல மனைவியைப் பார்த்தார்.

பாக்கியத்தாய் அடுப்படியிலிருந்து வந்தார். "கேளுங்க, நல்லாக் கேளுங்க. பனையில இருந்து விழுந்து ஒடிஞ்ச தோளு அது. இந்த ரெண்டு நாளா சட்டை போட முடியல, நான்தான் போட்டுவிடுதேன். என்னத்துக்குய்யா இந்த வேலன்னு கேட்டா, 'நல்ல வாசிப்புடி'ங்காரு."

"ஏ, சும்மா இரு" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே!" என்றேன்.

"அதான் சொல்லல."

"ஏன்?"

"கண்ண மூடிக்கிட்டு இருந்தீய. ஜெபம் பண்ணுத ஆளத் தட்டி, கரண்ட் போச்சுன்னு சொல்லுவாவளா யாராவது?"

நான் ஜெபமா பண்ணினேன்? என் விரல் வேகத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"நான் என்ன எழுதியிருக்கேன் பாருங்க. காற்று சீராக இல்லை. ஆர்கனில் குறை. இப்படி எழுதிட்டேன். என்னை மன்னிக்கணும்."

அவர் நோட்டை வாங்கித் தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான எழுதியிருக்கீய? நடுவுல ரெண்டு தடவ கை மாத்தினேன். அப்பக் காத்து எறங்கிச்சு. உங்க பாட்டு கெட்டுப் போச்சேன்னு எனக்கு அன்னைக்கெல்லாம் வருத்தம்."

பிறகு என் கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான்யா என்னை மன்னிக்கணும். ஆர்கன்ல குறைன்னு மட்டும் போடாதீய. பெட்டி நல்ல பெட்டி. கை குறைன்னு போடுங்க."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த மனிதரைப் பார்த்தபடி நின்றேன். எத்தனையோ காடுமேடு அளந்திருக்கிறேன், எத்தனையோ பெரிய மனுஷர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் முன்னால் நின்றதில்லை.

சாப்பிட்ட பிறகு கோயிலுக்குப் போனோம். சாப்பிடாமல் அவர் திறக்கவில்லை. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். சுவிசேஷமுத்து மோட்டாரைப் போடக் கிளம்பினார்.

"வேண்டாம்" என்றார் டீச்சர்.

"கரண்ட் இருக்கே டீச்சரம்மா!"

"இருக்கட்டும். அண்ணாச்சி, பின்னால போங்க."

ஆர்கனுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் நிற்கிற இடுக்கு. காற்றே கிடையாது. தெருவில் இருக்கிற அடிபம்புக்கு உள்ளதைப் போல ஒரு கைப்பிடி, ஆனால் மரம். நடுவில் கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அளவு எடுக்கும்போது இந்தப் பள்ளத்தை நான் பார்க்கவே இல்லை.

சுவிசேஷமுத்து இடுக்கின் வாயில் வந்து நின்றார். கண் உயரத்தில் நூலில் தொங்கிய ஒரு சின்ன ஈயக் குண்டைக் காட்டினார்.

"இது ஏறிச்சுன்னா காத்து தீருதுன்னு அர்த்தம். அந்தக் கோட்டத் தாண்ட விடாதீய. அடிங்க."

அடித்தேன். துருத்தி எழுந்தது. டீச்சர் ஒரு பாட்டைத் தொடங்கினார். ஐந்து சரணம் உள்ள பழைய பாட்டு, எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

முதல் சரணத்திலேயே குண்டு ஏறத் தொடங்கிவிட்டது. வேகமாக அடித்தேன். ஒலி குதித்தது.

"ஓடாதீய ஐயா. பாட்டக் கேளுங்க. அம்மா எங்க நிறுத்துதாங்களோ அங்க நீங்களும் நிறுத்தி மூச்ச வாங்கிக்கிடுங்க. அப்பத்தான் தாங்கும்."

கேட்டேன். பாட்டின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் டீச்சர் ஒரு துளி நிறுத்துவது அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான். அந்த நிறுத்தத்தில் ஒரு கோயில் சனமே மூச்சு வாங்கலாம் போல இருந்தது. நானும் வாங்கினேன். அடித்தேன், வாங்கினேன், அடித்தேன்.

மூன்றாவது சரணத்தில் தோள் பற்றி எரிந்தது. நாலாவதில் கண்ணுக்குள் வேர்வை. நாற்பத்தைந்து நிமிஷம்! ஒடிந்த தோளோடு! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் தலைக்கு மேலே அத்தனை குழல்களும் பாடிக்கொண்டிருந்தன. என் மூச்சையும் சேர்த்துப் பாடுகின்றன என்று தோன்றியது. மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது சரணத்தில் என் கை தளர்ந்தது. சுவிசேஷமுத்து இடுக்குக்குள் நெருக்கி நுழைந்து தன் நல்ல கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேருமாக அந்தச் சரணத்தை முடித்தோம்.

பாட்டு நின்றது. காற்று மெல்ல அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்ல காத்து" என்றார் சுவிசேஷமுத்து, என்னைப் பார்த்து.

ஆறு வருஷமாக டீச்சரிடம் ஒரு 'நல்லா இருந்துச்சு'க்கு ஏங்கியவன் நான். இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும் போலிருந்தது.

திரும்பும்போது பையைத் தூக்க அவரை விடவில்லை. பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஆளுக்கொரு வாரைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தோம். பஸ் நிறுத்தத்தில் எங்களை நிழலில் உட்காரவைத்துவிட்டு, கோயிலில் மணியடிக்க நேரமாகிறது என்று வேகமாகத் திரும்பிப் போனார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்க இப்போது கூச்சமாக இருந்தது. கேட்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"டீச்சர், பாதிரியார்கிட்ட வேற யாரு பேராவது சொல்லிருங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"எனக்கு அந்தப் பெஞ்சுல உட்காரத் தகுதி இல்ல. முன்னால இருந்து வாசிச்சது போதும். துருத்தி அடிக்கிற வேலை குடுங்க. சாகிற வரைக்கும் பின்னால நின்னு அடிக்கிறேன். மனசாரத்தான் சொல்றேன்."

டீச்சர் சேலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். தூரத்தில் பஸ் தெரிந்தது. எழுந்து கையைக் காட்டினார்.

"நம்ம கோயில்ல மோட்டார் இருக்கு அண்ணாச்சி. துருத்திக்கு ஆள் வேண்டாம். பெஞ்சுக்குத்தான் ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ஆராதனை, முன்கூட்டியே வந்திருங்க."